ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டே இசையமைத்துப் பிழைக்க: புதிதாக இறங்குபவர்களுக்கு

எட்டுப் பாட்டு. மாதா திருவிழாவுக்கான ஒரு தொகுப்பு. எட்டுக்கும் மெட்டு என்னுடையது. கீபோர்டு, தாளம், இடையிசை எல்லாம் உச்சிப்புளியில் என் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து நான் போட்டது. மூன்று மாத வேலைக்கு அட்வான்ஸ் 5,000 ரூபாய் வாங்கியிருந்தேன். பாட்டு வெளியானபோது ‘இசை’ என்ற இடத்தில் தயாரிப்பாளர் பெயர் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ‘கீபோர்டு புரோகிராமிங்’ என்று என் பெயர். மீதிப் பணத்தைக் கேட்டேன். “தம்பி, நீங்க கோர்த்துத்தானே குடுத்தீங்க” என்றார். பதில் சொல்ல என் கையில் ஒரு தாள்கூட இல்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எத்தனையோ பிள்ளைகள் கையில் லேப்டாப்பும் காதில் ஹெட்போனுமாக இதே வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். என் மூன்று மாதம் போன மாதிரி உங்களுடையது போகக்கூடாது.

1. மெட்டு வேறு, கோர்ப்பு வேறு

நம் ஊரில் யார் வந்தாலும் “மியூசிக் போட்டுக் குடுங்க” என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு வேலை இருக்கிறது. பாட்டுக்கு மெட்டுப் போடுவது ஒன்று. இருக்கிற மெட்டுக்குக் கருவிகளைப் பிரித்து, தாளம் அமைத்து, இடையிசை சேர்ப்பது இன்னொன்று; இதுதான் கோர்ப்பு. வந்தவர் கேட்பது இதில் எது என்பதை முதல் பேச்சிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டை உருவாக்கியவர்தான் இசையமைப்பாளர். அவர் அதை ஸ்வரமாக எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் ஒருவருடைய மெட்டுக்கு இசைக்கோர்ப்பு செய்வதைச் சட்டம் ‘தழுவல்’ என்று கொள்கிறது. தழுவல் செய்ய அனுமதி கொடுக்கும் உரிமை மெட்டுக்காரருடையது. எனவே கோர்ப்பு மட்டும் செய்தால் பேசிய கூலிதான் வரும், ராயல்டி (பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்குத்தொகை) தானாக வராது. வேண்டுமென்றால் வேலை தொடங்கும் முன் எழுதி வாங்கவேண்டும்.

பாட்டு ஆரம்பிக்கும் முன் வருகிற நாலு வரி ஷெனாயோ புல்லாங்குழலோ சில நேரம் பல்லவியைவிட அதிகமாக ஜனங்கள் வாயில் நிற்கும். அதை நீங்கள் உருவாக்கியிருந்தால் அதுவும் மெட்டுதான் என்பது என் உறுதியான எண்ணம். கூச்சப்படாமல் பங்கு கேளுங்கள்.

மெட்டு வந்த அன்றே செய்யவேண்டிய காரியம்: போனை எடுத்து, பாடி, பதிவு செய்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். குரல் நடுங்கினாலும் பக்கத்தில் ஆடு கத்தினாலும் பரவாயில்லை. தேதிதான் முக்கியம். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் காப்பி ரைட் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள்.

2. அறை, கருவி, உப்புக்காற்று

நான் முதலில் போட்ட பணம் ஏறக்குறைய 1,10,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் லேப்டாப்புக்குப் போனது. மீதியில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், ஹெட்போன், பழைய மிடி கீபோர்டு (லேப்டாப்பில் உள்ள ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு). மென்பொருளுக்கு ஆரம்பத்திலேயே பெரிய தொகை வேண்டாம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிறகு தனிநபர் உரிமத்தை மலிவாக வாங்கலாம். திருட்டு மென்பொருளில் வேலை செய்யாதீர்கள். படக்கம்பெனி வேலையின் நடுவில் அது நின்றுபோனால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

சென்னைக்காரர் யாரும் சொல்லித்தராதது உப்பு. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்தில் ஒரு கேபிளைச் செருகியபடியே ஆறு மாதம் விட்டால் ஜாக்கின் முனை பச்சை பூத்துவிடும். அப்புறம் ‘கரகர’ சத்தம் எங்கிருந்து வருகிறதென்று ஒரு வாரம் தேடுவீர்கள். என் மைக் இருப்பது இறுக்கமான மூடி போட்ட ஒரு பழைய முறுக்கு டப்பாவில். அடியில் ஒரு துணிமுடிச்சில் நீலச் சிலிக்கா ஜெல். ஈரம் ஏறினால் மணிகள் இளஞ்சிவப்பாகும். பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்பவும் நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். வேலை முடிந்ததும் எல்லாக் கேபிளையும் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து வைப்பதைப் பல் தேய்ப்பது மாதிரி பழக்கமாக்குங்கள்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது சைன் வேவ் வகையாகக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடினால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கூடவே வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக்கூரை வீட்டில் பகலில் குரல் எடுக்க முடியாது. நான் அதிகாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள் எடுக்கிறேன். சுவருக்கு விலை உயர்ந்த பஞ்சுப் பலகை வேண்டியதில்லை. இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் நிறுத்தினால் பெரும்பாலான எதிரொலி அடங்கிவிடும்.

3. விலை சொல்வது

இது அனைவரும் தடுமாறுகிற இடம். விலை பேசாமல், ‘முடிச்சுட்டு பாத்துக்கலாம்ணே’ என்று ஆரம்பிக்கிற வேலைக்குப் பெரும்பாலும் பணம் வருவதில்லை.

நான் இப்போது வாங்குவதைச் சொல்கிறேன். இது என் கணக்கு, உங்கள் கை வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மெட்டு, கோர்ப்பு, மிக்ஸிங் சேர்த்து ஒரு பாட்டுக்கு 15,000 ரூபாய். கோர்ப்பு மட்டுமென்றால் 8,000. பாடகர், நாதஸ்வரம், தவில் போன்ற நேரடி வாத்தியக்காரர் சம்பளம் தனி. அதை என் தொகைக்குள் சேர்க்கவே மாட்டேன், வாடிக்கையாளர் கையாலேயே கொடுக்கச் சொல்வேன். ஒருமுறை சேர்த்துப் பேசிவிட்டு, தவில்காரருக்குக் கைக்காசைப் போட்டுக் கொடுத்தேன். ராமநாதபுரத்திலிருந்து ஆள் வரும்போது பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் வருமான இழப்பு என்று நாம் கணக்கில் எடுக்காத எத்தனையோ இருக்கிறது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும் முன் பாதி, டெமோவுக்குச் சம்மதம் சொன்னதும் முப்பது சதவீதம், இறுதிக் கோப்பு போகும் முன் மீதி. டெமோவை எம்பி3யாக, நடுநடுவே உங்கள் குரல் அடையாளத்தோடு மட்டும் அனுப்புங்கள். மீதி வராமல் வேவ் கோப்பை (சுருக்காத, முழுத் தரமுள்ள ஒலி) அனுப்பாதீர்கள். கருவி வாரியாகப் பிரித்த தனி டிராக்குகளுக்குத் தனி விலை உண்டு. அவை போய்விட்டால் உங்கள் இடையிசையை யார் வேண்டுமானாலும் வேறு பாட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

விழாக் கமிட்டி வேலையில் ஒரு பொறி இருக்கிறது. தலைவர் “நல்லாருக்கு” என்பார், பொருளாளர் “இன்னும் கொஞ்சம் குத்து வேணும்” என்பார், தலைவரின் மச்சான் துபாயிலிருந்து போன் போட்டு “பழைய மாதிரி மெலடியா இருக்கட்டும்” என்பார். முளைப்பாரிப் பாட்டு ஒன்றை இப்படி ஒன்பது முறை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது முதலிலேயே சொல்லிவிடுவேன்: பேசுவதற்கு ஒரே ஆள், இரண்டு முறை இலவசத் திருத்தம், மூன்றாவதிலிருந்து திருத்தத்துக்கு 1,000 ரூபாய். சொன்ன பிறகு யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

தேர்தல் பாட்டுக்கு முழுப் பணமும் முன்பணம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

4. ஒப்பந்தம்: ஒரு பக்கம் போதும்

வக்கீல் எழுதிய பத்துப் பக்கம் தேவையில்லை. ஒரு பக்கத் தாளில் கீழே உள்ளவை இருந்தால் போதும். முத்திரைத்தாளில் எழுத நினைத்தால் அதன் மதிப்பைப் பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரு தரப்பின் பெயர், முகவரி, ஆதார் அல்லது பான் எண். பாட்டின் தற்காலிகத் தலைப்பும் முதல் வரியும். மெட்டு யாருடையது, வரி யாருடையது, கோர்ப்பு யாருடையது என்று மூன்று தனி வரிகள். தொகையும் மூன்று தவணையும். எந்தத் தேதிக்குள் கோப்பு. பாட்டு வெளியாகும் எல்லா இடத்திலும் உங்கள் பெயர் எப்படி வரவேண்டும் என்பது எழுத்து மாறாமல்: ‘இசை: இன்னார்’. இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த எட்டுப் பாட்டும் என் பெயரிலேயே நின்றிருக்கும்.

உரிமையை விற்கிறீர்களா, பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறீர்களா என்பதையும் எழுதுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்திட்டிருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பெனித் தாள்களில் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று இருக்கும். அந்த வார்த்தைகளைப் பார்த்தால் நிறுத்திப் படியுங்கள். அதற்கு ஏற்ற தொகை தருகிறார்களா என்று கேளுங்கள். ‘எதிர்கால ராயல்டி எதையும் கோரமாட்டேன்’ என்ற வரிக்குப் பயப்படவேண்டாம். 2012 திருத்தத்தின்படி மெட்டுக்காரரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றிக்கொடுக்கலாம். இருந்தாலும் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதே நல்லது.

சம்பளத்துக்கு வேலை செய்தால் கதை வேறு. மாதச் சம்பளம் வாங்கும் ஸ்டூடியோவில் வேலையின் பகுதியாகப் போட்ட மெட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குச் சேரும்.

சொந்தக்காரர், பழகியவர் என்றால் தாளை நீட்டச் சங்கடமாகத்தான் இருக்கும். என் சித்தப்பாவிடமே நீட்டினேன். “நம்மளுக்குள்ள என்னடா தாளு” என்றார். “நாளைக்கு நம்ம ரெண்டு பேர் பிள்ளைகளும் சண்டை போடக்கூடாதுல்ல சித்தப்பா” என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசித்து, கையெழுத்துப் போட்டார்.

5. சினிமா மெட்டும் பாட்டிமார் பாட்டும்

“அந்தப் படத்துப் பாட்டு ராகத்துல நம்ம காளியம்மனுக்கு வரி மாத்திப் போட்டுடுங்க.” இந்த வேலை வாரத்துக்கு ஒன்றாவது வரும். செய்யாதீர்கள். வரி புதிதாக இருந்தாலும் மெட்டு இன்னொருவருடையது. கவர் வெர்ஷனுக்கு (வெளியான பாட்டை வேறொருவர் திரும்பப் பாடிப் பதிவது) சட்டத்தில் தனி வழி உண்டு, ஆனால் முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிந்திருக்கவேண்டும், முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்டவேண்டும். வரியை மாற்றுவது அதற்குள் அடங்காது. யூடியூபில் ஏற்றினால் உரிமைக்கோரல் வரலாம், வருமானம் உரிமைக்காரர் பக்கம் போகலாம். கமிட்டி உங்களைத்தான் கேட்கும்.

நம் கரையின் சொத்து வேறு. வலை இழுக்கும் அம்பாப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி ஆகியவற்றின் வழிவழி மெட்டில் யாருக்கும் தனியுரிமை இல்லை. நீங்கள் கோர்த்துப் புதிதாக்கலாம். ஆனால் பாடிக் கொடுக்கிறவருக்குத் தன் குரல்மேல் உரிமை உண்டு, 50 ஆண்டுக்கு.

பாம்பனில் ஒரு பாட்டியிடம் தாலாட்டு எடுக்கப் போனேன். மைக்கை நிறுத்தியதும் வாய் திறக்கவில்லை. மைக்கைக் கீழே இறக்கிச் சேலை மடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேத்தியின் குழந்தையை அவர் கையில் கொடுத்தோம். குழந்தையைத் தட்டிக்கொண்டே பதினோரு கண்ணி பாடினார், நடுவில் ஒரு இருமல். அந்த இருமலை நான் வெட்டவில்லை. பாட்டு முடிந்ததும் 2,000 ரூபாய் கொடுத்தேன். பேத்தி தாளை வாசித்துக் காட்ட, பாட்டி கைநாட்டு வைத்தார். பெயர் போடலாமா என்று கேட்டேன். “எங்கம்மா பேரையும் போடு, அவ பாட்டு” என்றார். அதையும் தாளில் எழுதினோம். யாரிடம் பாட்டு எடுத்தாலும் இந்த மூன்றும் தவறக்கூடாது: பணம், சம்மதம், பெயர்.

6. பதிவு, சங்கம், வெளியீடு

பாட்டு உருவானவுடனே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவேடுதான் முதல் சாட்சி. பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இசைக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய், பாடல் வரிக்குத் தனியாக 500, ஒலிப்பதிவுக்கு 2,000. அடையாள அட்டை, படைப்பின் பிரதி, இன்னொருவர் சம்பந்தப்பட்டிருந்தால் அவருடைய ஆட்சேபணை இல்லைக் கடிதம். விண்ணப்பித்ததும் டைரி எண் வரும். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகு பரிசீலனை. சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். எல்லாப் பாட்டையும் பதியவேண்டாம். ஓடும் என்று தோன்றுவதைப் பதியுங்கள்.

மெட்டுக்காரருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி வசூலித்துத் தருவது 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம். ஆதார், பான், ரத்து செய்த காசோலை, வெளியான பாட்டுக்கான ஆதாரம் வைத்து இணையத்திலேயே சேரலாம். இதில் பலர் விழும் பள்ளம்: உறுப்பினராகிவிட்டு, பாட்டுகளைப் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டும் வெளியானதும் பங்கு விவரத்தோடு அவர்கள் கணக்கில் ஏறவேண்டும். அவர்களுக்குத் தெரியாத பாட்டுக்கு எப்படிப் பணம் வரும்?

செயலிகளில் பாட்டை ஏற்ற ஒரு விநியோகஸ்தர் வேண்டும். வருடக் கட்டணமா, வருமானத்தில் பங்கா என்று பாருங்கள். வருடக் கட்டணத்தை நிறுத்தினால் பாட்டை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணை அவர்களே தருவார்கள். 12 எழுத்துள்ள அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஆள் மாறினாலும் அதே எண்ணோடுதான் ஏற்றவேண்டும். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பரப் பணத்துக்கு 1,000 சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை) வேண்டும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியை உறுதி செய்ய ஒரு பின் எண் சாதாரணத் தபாலில் வரும். குப்பத்தில் கதவு எண் இல்லாத வீடென்றால் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எனக்கு முதல் இரண்டு கடிதமும் வந்து சேரவில்லை.

7. வரியும் உத்யமும்

கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணத்திலும் ராயல்டியிலும் 10 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு தருவார்கள். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய் தாண்டினால்தான் இந்தப் பிடித்தம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். வருமானம் குறைவென்றாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள், பிடித்த பணம் திரும்பி வரும். வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்வரை நம் வேலைக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை.

உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவை இன்றைக்கே செய்யுங்கள். அரசு இணையதளத்தில் ஆதாரும் பானும் இருந்தால் போதும், முழுக்க இலவசம். அதே மாதிரி தோற்றமுள்ள தளங்கள் பணம் கேட்கும்; மூடிவிடுங்கள். பதிந்த சிறு தொழிலுக்கு, வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது சட்டம். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்ப ஆரம்பித்த பிறகு சென்னைக் கம்பெனிகளிடமிருந்து பணம் வரும் வேகமே எனக்கு மாறிவிட்டது. ஆனால் வேலையை ஒப்படைக்கும் முன்பே பதிவு இருக்கவேண்டும்.

8. கோப்பு அனுப்புவதும் காலக்கணக்கும்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் நாற்பது டிராக் என்றால் 3.4 ஜிபி. நம் பக்கத்து இணைய வேகத்தில் ‘இதோ அனுப்பிடுறேன்’ என்று சொல்லமுடியாது. கெடுவுக்கு முந்தின இரவே ஏற்றத் தொடங்குங்கள். எல்லா டிராக்கும் ஒரே நொடியிலிருந்து தொடங்கவேண்டும், கோப்பின் பெயரில் வேகமும் சுருதியும் இருக்கவேண்டும். ஒரு பிரதியைத் தனி ஹார்டு டிஸ்கில், வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அந்த டிஸ்க் வேறு ஊரில் இருப்பது மனதுக்கு நிம்மதி.

மீனவ ஊர்களில் பணம் கடலைப் பொறுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் பாக்கி கேட்டுப் போய் நிற்காதீர்கள். இருக்காது, உறவும் கெடும். ஆனால் ஆடி, ஆவணித் திருவிழாப் பாட்டுகளுக்கான பேச்சு அப்போதுதான் நடக்கும், ஆட்களும் கரையில் இருப்பார்கள். நான் அந்த இரண்டு மாதத்தை மெட்டுப் போடவும் டெமோ கொடுக்கவும் வைத்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் இரண்டாவது தவணைத் தேதியை ஜூன் கடைசி என்று எழுதுகிறேன். படகு இறங்கின முதல் வாரம் டீசலுக்கும் ஐஸுக்கும் வாங்கிய கடன் போகும். அதையும் விட்டு, அடுத்த வாரம் போன் பண்ணுங்கள்.